நாற்பத்தொரு குதிரைத் தலைகள்

பெரியம்மாவின் வெள்ளவத்தை ஃபிளாட்டில் கொம்பியூட்டர் இருந்தது ஃபிரிட்ஜுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில். அதற்கு வேறு இடமே இல்லை. ஆராவது ஃபிரிட்ஜைத் திறக்க வந்தால் நான் கதிரையோடு முன்னுக்கு நகர வேண்டும். சாப்பிட வந்தால் பின்னுக்கு நகர வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள், தேசிய பெண்கள் செஸ் அணியில் இடம் பிடிக்க நான் படித்ததெல்லாம் அந்தக் கதிரையில் இருந்துதான்.

நாடு சண்டையில் கிடந்த காலம். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில். நான் கப்பலேறிக் கொழும்புக்கு வந்து கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தேன். பெரியம்மா, அம்மாவின் மூத்த அக்கா. வீடு அவவுடையது, சட்டமும் அவவுடையது. அவவின் ஒரே மகன், எனக்கு அண்ணா, பழுதான கொம்பியூட்டர் திருத்தி விற்பவர். எங்கள் மூன்று பேரையும் விட அந்த வீட்டில் எப்போதும் ஆறு பேர் கூட இருப்பார்கள். விசாவுக்கு நிற்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வெளிநாட்டு மாப்பிள்ளையிடம் இருந்து டெலிபோன் வரும் என்று இருப்பவர்கள். ஒருவர் போக, அவருடைய தலையணை சூடு ஆற முதல் இன்னொருவர் வந்துவிடுவார்.

அவர்களில் மூத்த குடி விசா அன்ரி. கனடாவில் இருக்கிற புருசனிடம் போக ஒன்பது மாதமாக நின்றா. பாயில் நான் படுத்தது விசா அன்ரிக்கும் அலுமாரிக்கும் இடையில். அவ திரும்பிப் படுத்தால் நானும் திரும்ப வேண்டும். மாதக் கணக்கில் அப்படிக் கிடந்த பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது: எனக்கென்று தனியாக ஏதாவது வேண்டும். கோப்பை தனி, துவாய் தனி, சவர்க்காரம் தனி. என் சவர்க்காரத்தில் ஆரோ கை வைத்த ஒரு நாளில் நான் கத்திய கத்தலைக் கீழ் வீட்டு முஸ்லிம் குடும்பம் வந்து விசாரித்தது.

பொலிஸ் பேப்பரையும் தனியாகக் கேட்டேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஆரார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்து சீல் வைத்த பேப்பர் வேண்டும். வீட்டுக்காரர் பெயர் மேலே, மற்றவர்கள் கீழே, ஒவ்வொருவருக்கும் நேரே ‘என்ன உறவு’ என்று ஒரு கோடு. எங்கள் வீட்டில் கிழமைக்கு ஒரு ஆள் மாறுவதால் பெரியம்மா வெட்டி வெட்டி எழுதி, வெட்டு விழுந்த பேப்பருக்குச் சீல் இல்லை என்று வரிசையில் நின்று அலுத்துப்போனா.

“இதென்ன கோதாரி! இனி ஆளுக்கொரு பேப்பர். போற ஆள் தன்ர பேப்பரைக் கொண்டு போகட்டும்” என்றா.

“எனக்கும் தனிப் பேப்பர் பெரியம்மா” என்றேன் நான்.

“நீ எங்க போகப் போறாய்?”

“நான் ஒரு இடமும் போகேல்லை. ஆனா எனக்குத் தனி.”

அவ சரி என்று தலையாட்டி, தனக்கும் அண்ணாவுக்கும்கூட ஆளுக்கொன்று எடுத்தா, ஒவ்வொன்றிலும் அந்தந்த ஆளின் பெயர் மட்டும். இந்தத் தனிப் பேப்பர் பிறகு என்ன வேலை பார்த்தது என்று சொல்கிறேன், பொறுங்கள்.

செஸ்ஸுக்கு வருவோம். அந்த வருசத் தெரிவுப் போட்டியில் நான் ஆரும் எதிர்பாராத மாதிரி ஏறிக்கொண்டு போனேன். நானே எதிர்பார்க்கவில்லை. கடைசிச் சுற்றுக்கு முதல் நிலவரம் இதுதான்: வென்றால் ஐந்து பேர் அணியில் நான் ஐந்தாவது, வெளிநாட்டுப் பயணம். சமன் செய்தாலும் தோற்றாலும் வீட்டுக்குப் போகலாம். எதிராளி போன வருசத்துச் சம்பியன். மருத்துவம் படிக்கிற சிங்களப் பிள்ளை, என்னைவிட ஒரு வயது இளமை. கண்டால் ரொஃபி தருவா, பலகையில் தோலை உரிப்பா. எனக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டியிருந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த ஊரில் எனக்கு என்று சொல்ல ஒரு கதிரை. அவ்வளவுதான் நான் கேட்டது.

அண்ணாவின் லண்டன் சிநேகிதன் ஒருவன் அந்தப் பிள்ளையின் பழைய ஆட்டங்களைத் தேடிப் பிடித்து ஈமெயிலில் அனுப்பினான். நாற்பத்தொரு ஆட்டம், நாற்பத்தொரு ஃபைல். போட்டிக்கு ஐந்து நாள் இருந்தது. செஸ் ஆட்டங்களைச் சேர்த்து வைத்துப் பார்க்கிற புரோகிராம் ஒன்றை அண்ணா முன்பே போட்டுத் தந்திருந்தார். வேலையால் வந்து, முகம் கழுவி, தேத்தண்ணியோடு இருந்து முதல் ஃபைலை இரண்டு தரம் தட்டினேன்.

திரையில் ஒரு பெரிய குதிரைத் தலை வந்தது. அது அந்தப் புரோகிராமின் சின்னம். குதிரை ஒரு நிமிசம் நின்று என்னைப் பார்த்தது. பிறகு சன்னல் திறந்து ஆட்டம் வந்தது. நல்லது. இரண்டாவது ஃபைலைத் தட்டினேன். திரும்பவும் குதிரைத் தலை. முதல் சன்னல் திறந்தபடி கிடக்க, முழுப் புரோகிராமும் இன்னொரு தரம் முதலில் இருந்து எழும்பி வந்து தனக்கு ஒரு புதுச் சன்னல் போட்டது. மூன்றாவதுக்கும் அப்படியே. ஆறாவது குதிரை பாதி முகத்தோடு நின்றுவிட்டது. மவுஸ் அசையவில்லை. பெட்டிக்குள் விசிறி இரைந்தது. அமத்தி நிற்பாட்டி, திரும்பப் போட்டு, முதலாம் ஃபைலில் இருந்து தொடங்கினேன்.

இரண்டாம் நாளும் இதுதான். அதற்குள் வீடு முழுக்கப் பின்னால் கூடிவிட்டது. விசாவுக்கு நிற்கிற சனத்துக்கு வேறு என்ன வேலை? கறண்ட் இருந்தால் என் திரை, இல்லாவிட்டால் பல்கனி.

“இப்ப வாறது எத்தினையாவது குதிரை?” என்று விசா அன்ரி கேட்டா.

“நாலாவது.”

“நேற்று ஆறு வந்தது. இண்டைக்குக் குறைவு போல.”

“அன்ரி, தயவுசெய்து போய் இருங்கோ.”

“எங்க பிள்ளை போய் இருக்க? இருக்கிற இடத்தில நீ இருக்கிறாய்.”

பெரியம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு மேசையில் இருந்து சொன்னா: “ரெண்டு நாளா குதிரையைத்தான் பாக்கிறம். ஆட்டத்தை எப்ப பாக்கப் போறம்?” எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஒரு ஆட்டத்தைப் பார்த்து மூட, அடுத்ததைத் திறக்க, முதலில் பார்த்தது மறந்துபோகிறது. நாற்பத்தொன்றும் தனித்தனித் துண்டுகள். அந்தப் பிள்ளை ஒரே ஆள் என்பதையே நம்ப முடியவில்லை, நாற்பத்தொரு பேரோடு விளையாடப் போகிற மாதிரி இருந்தது. அண்ணாவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் முதல் நாளே அவர், “ஏதும் பிரச்சினையோ?” என்று கேட்டபோது, “எனக்குத் தெரியும், நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயால் திரும்பக் கேட்பதா? செத்தாலும் கேட்க மாட்டேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் மேசையில் ஓங்கிக் குத்தினேன். வெட்டி வைத்திருந்த வெங்காயம் நிலத்தில் சிதறியது. அண்ணா வந்து என்னை எழுப்பிவிட்டுத் தான் இருந்தார். புரோகிராமின் செற்றிங்கைத் திறந்தார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

“இது ஆர் எடுத்துவிட்டது?”

“எது?”

“ஃபைலைத் தட்டினால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமுக்குள்ளேயே திறக்கிறதோ எண்டு கேக்கிற இடம். இதில தானாவே டிக் இருக்கும். ஆரோ எடுத்துவிட்டிருக்கினம்.”

“தானா எடுபட்டிருக்கும்” என்றேன்.

பொய். நான்தான் எடுத்தேன். புரோகிராம் போட்ட முதல் நாளே அது என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குள் விடட்டுமா என்று. நான் யோசிக்கவே இல்லை. பாயில் ஒரே இடம், பாத்ரூமில் ஒரே இடம், இங்கேயுமா? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனிச் சன்னல் இருக்கட்டும் என்று டிக்கை எடுத்துவிட்டேன். அண்ணாவுக்கு அது விளங்கியது என்று நினைக்கிறேன்.

டிக்கைப் போட்டார். ஒரு தரம் புரோகிராமைத் திறந்தார், குதிரை வந்து போனது. பிறகு நாற்பத்தொரு ஃபைலையும் ஒன்றாகத் தெரிவுசெய்து, ஒரு தட்டு. குதிரை வரவில்லை. திறந்திருந்த அந்த ஒரே சன்னலுக்குள் ஒரு பட்டியல் ஒவ்வொரு வரியாக இறங்கத் தொடங்கியது. பத்து, இருபது, முப்பது. விசா அன்ரி வாய்விட்டு எண்ணினா. நாற்பத்தொன்று என்றபோது கை தட்டினா.

“அவ்வளவுதானோ?” என்றா பெரியம்மா. “வாற ஆக்களை இருக்கிற வீட்டுக்குள்ள விடுறது. இதுக்கோ மூண்டு நாள்?”

நான் பட்டியலைப் பார்த்தேன். இப்போது அந்தப் பிள்ளை ஒரே ஆளாகத் தெரிந்தா. ஒரு ஆட்டத்தில் இருந்து அடுத்ததற்குத் தாவ ஒரு தட்டுப் போதும். அன்றைக்கும் அடுத்த நாளும் இருந்து பார்த்தபோது, தனித்தனியாகப் பார்த்திருந்தால் என் ஆயுளுக்கும் தெரிந்திருக்காத ஒன்று தெரிந்தது. பலகையில் ராணிகள் இருக்கும் வரை அந்தப் பிள்ளை புலி. ராணிகள் இரண்டும் சீக்கிரமாக வெட்டுப்பட்டுப் போன ஆட்டங்கள் ஒன்பது. அதில் அவ வென்றது ஒன்றே ஒன்று. ராணி போனதும் அவவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. எனக்கோ ராணி இல்லாத ஆட்டம்தான் சின்னனில் இருந்தே பிடிக்கும். கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி விசா அன்ரியைக் கட்டிப் பிடித்தேன். அவ ஏன் எதற்கு என்று கேட்காமல் தானும் சந்தோசப்பட்டா.

போட்டி கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்து மண்டபத்தில். காலமை ஒன்பதரைக்கு மணிக்கூட்டைத் தட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலத்துக்குள் ஆள் வராவிட்டால் தோல்வி. எட்டு மணிக்கே மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன். பம்பலப்பிட்டியில் செக்கிங். எல்லாரையும் இறக்கினார்கள். அது வழமைதான், நான் அடையாள அட்டையையும் பொலிஸ் பேப்பரையும் நீட்டினேன்.

பொலிஸ்காரர் பேப்பரைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். சிங்களத்தில் கேட்டார்: “இந்த வீட்டில் நீ மட்டும்தானா?”

“இல்லை. ஒன்பது பேர்.”

“மற்ற எட்டுப் பேரும் எங்கே?”

“அவர்களுக்கு வேறு வேறு பேப்பர்.”

“வீட்டுக்காரர் ஆர்? இதில் இல்லையே.”

“அவவுக்கும் வேறு பேப்பர்.”

“ஒரு வீட்டுக்கு ஒன்பது பேப்பரா? ஏன்?”

என்னத்தைச் சொல்ல? எனக்குத் தனியாக ஒரு பேப்பர் இருக்க ஆசையாக இருந்தது என்று என் உடைந்த சிங்களத்தில் எப்படிச் சொல்வது? தமிழில் சொன்னாலே ஆரும் நம்ப மாட்டார்கள். யாழ்ப்பாண அட்டை, தனி ஆள், இன்னார் வீட்டில் இருக்கிறாள் என்று சொல்ல ஒரு பெயர் இல்லை. ஓரமாகக் கிடந்த மர வாங்கில் இருத்திவிட்டார். பஸ் போய்விட்டது. நல்லகாலம், பிரிண்டரில் மை முடிந்திருந்ததால் ஆட்டங்களை அச்சடித்த தாள் கையில் இல்லை. ஏதோ இரகசியக் குறி மாதிரி எழுத்தும் இலக்கமுமாக இருக்கிற அந்தத் தாளைக் கண்டிருந்தால் நான் இன்றைக்கும் அந்த வாங்கில்தான் இருந்திருப்பேன்.

பக்கத்தில் ஒரு கொமியூனிகேசன் கடை இருந்தது. ஒரு பொம்பிளைப் பொலிஸ் இரக்கப்பட்டுக் கூட வர, வீட்டுக்கு ஒரு கோல் எடுத்தேன். பெரியம்மாவின் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. “அழாதை. எந்த இடம்? அசையாமல் இரு” என்று வைத்துவிட்டா. வாங்கில் இருந்து கடைச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பது. ஒன்பதேகால். ஒன்பதரை ஆனபோது கொட்டாஞ்சேனையில் என் மணிக்கூடு ஓடத் தொடங்கியிருக்கும். வெறும் கதிரைக்கு முன்னால் அந்தப் பிள்ளை இருந்திருப்பா. எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒன்பதரை தாண்டி ஒரு ஓட்டோ வந்து நின்றது. வீட்டுச் சட்டையோடு பெரியம்மா இறங்கினா, பின்னால் விசா அன்ரி. பெரியம்மாவின் கையில் மார்க்கெட் பை, பைக்குள் எட்டுப் பேப்பர். அங்கே பெரியவராக நின்ற இன்ஸ்பெக்டரின் முன்னால் போய் நின்று, முப்பது வருசம் கொழும்பில் பழகிய சிங்களத்தில் விளாசித் தள்ளினா. ஒரு ஆள் போக ஒரு ஆள் வருகிறது, வெட்டினால் சீல் இல்லை என்கிறீர்கள், நான் என்ன செய்ய? அந்த மனுசன் ஜீப்பின் முன்பக்கத்தில் ஒன்பது பேப்பரையும் வரிசையாகப் பரப்பினார். ஒரே விலாசம், ஒரே கையெழுத்து, ஒரே சீல், ஒன்பது பேர். பிறகு பெரியம்மாவின் பேப்பரை மேலே வைத்து, மற்ற எட்டையும் கீழே அடுக்கி, ஸ்டேப்லரால் மூலையில் ஒரு குத்துக் குத்தினார்.

“அம்மே, ஒரு வீட்டுக்கு ஒரு பேப்பர். எல்லாரையும் அதற்குள் போடு. நாளைக்கு வந்து எழுதி எடு” என்றார்.

அண்ணா டிக்கைப் போட்டது மாதிரித்தான் இருந்தது எனக்கு. ஆனால் சிரிக்க நேரமில்லை. வந்த ஓட்டோவிலேயே என்னைத் தள்ளி ஏற்றிவிட்டார்கள். பெரியம்மா பைக்குள் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மடியில் போட்டா. பாணும் சம்பலும். காலமை நான் சாப்பிடாமல் போனதைக் கவனித்திருக்கிறா.

மண்டபத்துக்குள் ஓடியபோது பத்து இருபத்தொன்று. இன்னும் ஒன்பது நிமிசம் போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எதிராளிப் பிள்ளை கதிரையை விட்டு எழும்பி என் கையைப் பிடித்தா. “அனே, மம பய உனா” என்றா. நான் வராமல் போய்விடுவேனோ என்று பயந்துவிட்டாவாம். வராவிட்டால் அவவுக்கு வெற்றி, அதற்குப் பயந்திருக்கிறா, பாருங்கள். ரொஃபியும் தந்தா. வாயில் போட்டுக்கொண்டு எட்டாவது நகர்த்தலில் ராணியை ராணியால் வெட்டினேன்.

அவவின் முகம் மாறியது. நெற்றியைத் தடவினா. தண்ணீர் குடித்தா. அந்தப் பட்டியலில் இருந்த பிள்ளை அப்படியே என் முன்னால் இருந்தா. நான் இழந்த ஐம்பத்தொரு நிமிசத்தை அவ தானே யோசித்து யோசித்து எனக்குத் திருப்பித் தந்தா. மத்தியானம் தாண்டி, ஒரு சிப்பாய் கூடுதலாக, என்னிடம் இருந்த ஒரே கோட்டையை வைத்து நெருக்கி வென்றேன். அவ கை குலுக்கிச் சிரித்தா. நான் மண்டபத்து வாசலில் நின்று அந்தக் காய்ந்த பாணைச் சாப்பிட்டேன். அப்படி ஒரு பாண் அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை.

வீட்டுப் படியில் கால் வைக்க முதலே மேலே இருந்து விசா அன்ரி, “வெண்டதோ?” என்று கத்தினா. “ஓம்” என்று நான் கத்த, நாலு மாடியும் கேட்டது. கீழ் வீட்டுக்காரர் இனிப்பாக வட்டிலப்பம் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் பெரியம்மா மேசையில் ஒரே ஒரு புதுப் பேப்பரை விரித்தா. முதல் வரியில் தன் பெயர். இரண்டாவதில் அண்ணா. மூன்றாவது வரியை வெறுமனே விட்டுவிட்டு நாலாவதில் இருந்து விசா அன்ரியும் மற்றவர்களும். உறவுக் கோட்டில் அவர்கள் எல்லாருக்கும் ‘விருந்தாளி’.

“மூண்டாவது ஆருக்கு?” என்று கேட்டேன்.

“அது உன்னைக் கேட்டுத்தான் எழுத வேணும். தனிப் பேப்பர் கேட்ட ஆள் எல்லோ.”

“என்ர பேரையும் இதிலயே போடுங்கோ பெரியம்மா.”

என் பெயரை எழுதினா. உறவுக் கோட்டில் சிங்களத்தில் இரண்டே இரண்டு எழுத்து எழுதினா. துவ. மகள்.

“பொலிசுக்குப் பொய் எழுதக் கூடாது” என்றேன்.

“ஆர் பொய் எழுதினது?” என்று பேப்பரை ஊதிக் காயவைத்தா.

அந்த இரண்டு எழுத்து பாஸ்போட் எடுக்கிற இடத்தில் எங்களைப் பிடித்துக்கொண்டது. பிறப்புச் சான்றிதழில் தாய் ஒருவா, பொலிஸ் பேப்பரில் தாய் இன்னொருவா. விண்ணப்பத்தைப் பார்த்த உத்தியோகத்தர் கண்ணாடியை இறக்கினார். “ஒயாட்ட அம்மலா தென்னெக்த?” உனக்கு இரண்டு அம்மாவா என்று கேட்டார். அணி புறப்பட இரண்டு கிழமைதான் இருந்தது. அவர் சிவப்புப் பேனையை எடுத்து ‘துவ’ என்ற சொல்லுக்கு மேலே பிடித்தார். வெட்டினால் அந்தப் பேப்பருக்குச் சீல் இல்லை, எல்லாம் முதலில் இருந்து.

“மம எயாகே லொகு அம்மா” என்றா பெரியம்மா. நான் இவளுடைய பெரியம்மா.

அந்த மனுசன் பேனையை அப்படியே பிடித்தபடி அவவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பேனையை மூடினார்.

“லொகு அம்மத் அம்மா தமாய்” என்றார். பெரியம்மாவும் அம்மாதானே என்று சொல்லி விண்ணப்பத்தில் சீல் குத்தினார்.

நான் அங்கேயே, அவ்வளவு சனத்துக்கு நடுவில், விக்கி விக்கி அழுதேன். பெரியம்மா பேப்பரை மடித்து மார்க்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு, “சரி, சரி, வா. பஸ் வரப் போகுது” என்றா.